பதிவேட்டின் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

ஒரு பல்கலைக்கழகத்தின் உறுப்பினர் யார், அயலார் யார் என்பதை இன்று நாள்தோறும் தீர்மானிப்பது பதிவாளர் அலுவலகத்தின் தடித்த பேரேடு அன்று. கணினி மையத்தில் ஓசையின்றி இயங்கும் டைரக்டரி சர்வர் எனப்படும் அடைவுச் சேவையகமே அந்த வேலையைச் செய்கிறது. ஆய்வகக் கணினியில் மாணவர் நுழைவதும், பொதுக் கோப்புறையை ஆய்வாளர் திறப்பதும், வளாக வைஃபை இணைப்பும் அதன் ஒப்புதலைப் பெற்றே நடக்கின்றன. இந்திய வளாகங்கள் பலவற்றில் அந்த இடத்தில் அமர்ந்திருப்பது மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி. விண்டோஸ் சர்வர் 2016க்கான ஆதரவு 2027 ஜனவரி 12 அன்று முடிவடைகிறது. ஆகவே அடுத்த பதிப்பை வாங்குவதற்கான கோப்புகள் மேசை மேசையாக நகரும் காலம் இது. எந்தப் பதிப்பை வாங்குவது, எத்தனை உரிமங்கள் தேவை என்ற கேள்விகள் அக்கோப்புகளில் இருக்கும். ஏன் வாங்க வேண்டும் என்ற கேள்விதான் இராது.

அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி வேறெவரையும்விடப் பல்கலைக்கழகங்களுக்கே உண்டு. ஆக்டிவ் டைரக்டரி நிற்கும் மூன்று தூண்களும் கல்விக்கூடங்களில் எழுந்தவை. பயனரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ், 1980களில் எம்.ஐ.டி.யின் அதீனா திட்டத்தில் பிறந்தது. அடைவை வினவும் எல்.டி.ஏ.பி. நெறிமுறை உருவாகியதில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. பெயரை முகவரியாக மாற்றும் டி.என்.எஸ்., தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனமொன்றில் 1983இல் வடிவம் பெற்றது. இவற்றின் வரையறைகள் எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டவை. மைக்ரோசாஃப்ட் 2000ஆம் ஆண்டில் இவற்றை ஒருங்கிணைத்து, தன் சொந்த நீட்சிகளையும் சேர்த்து விற்பனைக்குக் கொணர்ந்தது. அந்த ஒருங்கிணைப்பில் உழைப்பும் திறமையும் இருந்தன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கல்வியுலகம் பொதுவில் வைத்த அறிவைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்துத் திரும்பப் பெறுவதையும், அதற்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்துவதையும் இயல்பு என்று கருதுவது விந்தையே.

மாற்று இல்லை என்று சொல்லவும் இயலாது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்ட மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிஜெல் 1992இல் வெளியிட்ட சிறு நிரலிலிருந்து சாம்பா வளர்ந்தது. வலையமைப்பில் பாயும் தரவுகளைக் கூர்ந்து நோக்கியே அவர் எதிர்முனையின் மொழியைக் கற்றார். அந்த மொழியின் முழு இலக்கணமும் கிடைக்கச் சட்டப் போராட்டம் தேவைப்பட்டது. போட்டியாளர்களுக்கு இயங்குதகவல்களை மறுத்தது உள்ளிட்ட குற்றங்களுக்காக ஐரோப்பிய ஆணையம் 2004இல் மைக்ரோசாஃப்ட் மீது 49.7 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2007 செப்டம்பரில் நீதிமன்றம் அம்முடிவின் முதன்மைப் பகுதிகளை உறுதிசெய்தது. அவ்வாண்டின் இறுதியில், 10,000 யூரோ செலுத்தி நெறிமுறை ஆவணங்களைப் பெறும் உரிமை சாம்பா குழுவுக்குக் கிட்டியது. 2012 டிசம்பரில் வெளியான சாம்பா 4.0, ஆக்டிவ் டைரக்டரியின் இடத்தில் தானே நிற்கும் திறனைப் பெற்றது. ஓர் ஆய்வு மாணவரின் ஆர்வத்தில் தொடங்கி இருபதாண்டு உழைப்பில் விளைந்த இதனை, ஆய்வு மாணவர்களை உருவாக்கும் நிறுவனங்களே அறியாதிருப்பது வருத்தத்துக்குரியது.

மாற்றம் என்றவுடன் வளாகமே ஒரு வாரம் முடங்கும் என்று அஞ்சுவோர் உண்டு. நடைமுறை அத்தகையதன்று. சாம்பா சேவையகத்தை இருக்கும் களத்தில் கூடுதல் கட்டுப்பாட்டுச் சேவையகமாக இணைக்கலாம். பயனர் கணக்குகளும் கடவுச்சொற்களின் மறையீட்டு வடிவங்களும் அதற்கு நகலாகும். எனவே எவரும் புதுக் கடவுச்சொல் வைக்க வேண்டியதில்லை. விண்டோஸ் கணினிகள் தம் களத்திலேயே தொடரும். பின்னர் களத்தின் ஐந்து தலைமைப் பொறுப்புகளையும் சாம்பாவுக்கு மாற்றி, பழைய சேவையகத்தை முறைப்படி விலக்கலாம். நிர்வாகிகள் பழகிய விண்டோஸ் மேலாண்மைக் கருவிகளைக் கொண்டே புதியதையும் ஆளலாம்.

குறைகளை மறைப்பது நேர்மையன்று. குழுக் கொள்கைக் கோப்புகள் இருக்கும் சிஸ்வால் கோப்புறையைச் சேவையகங்களுக்கிடையே சாம்பா தானாக நகலெடுப்பதில்லை. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். வளாகத்துக்குள்ளேயே எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் சேவையகத்தை நடத்துவோருக்கு இது பொருந்தாது. களத்தின் செயல்நிலையும் சாம்பாவின் பதிப்பும் ஒத்துப்போகின்றனவா என முன்னரே சோதிக்க வேண்டும். இவையெல்லாம் திட்டமிட்டுத் தீர்க்கவோ தவிர்க்கவோ கூடிய பொறியியல் சிக்கல்கள். கைவிடுவதற்கான காரணங்கள் ஆகா.

கல்வி நிறுவனங்களுக்கு உரிமம் மலிவாகக் கிடைக்கிறதே என்பது முதல் எதிர்வாதம். சலுகை என்பது கொடுப்பவரின் விருப்பம். கூகுள் கல்வி நிறுவனங்களுக்கு வழங்கிவந்த வரம்பற்ற சேமிப்பிடம், நிறுவனத்துக்கு 100 டெராபைட் என்ற அடிப்படை வரம்புக்குள் சுருக்கப்படும் என 2021இல் அறிவிக்கப்பட்டபோது, அதை நம்பியிருந்த பல்கலைக்கழகங்களால் பேரம் பேசவும் இயலவில்லை. வளாகத்துக்குள் இருக்கும் விண்டோஸ் சேவையகத்தை எவரும் தொலைவிலிருந்து அணைத்துவிட மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தப் பாதை மேகக்கணிமையை நோக்கியே செல்கிறது. அங்கே பதிவேடே பிறர் வீட்டுக்குக் குடிபெயர்கிறது. குஜராத்தில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி, ஐரோப்பியத் தடைகளைத் தொடர்ந்து மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்திவிட்டதாகக் கூறி 2025 ஜூலையில் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது. சில நாள்களில் சேவை மீண்டது. ஆயினும் இந்திய மண்ணில் இயங்கும் நிறுவனம் தன் மின்னஞ்சலுக்காக நீதிமன்றப் படியேற நேர்ந்ததை எந்தத் துணைவேந்தரும் மறந்துவிடலாகாது.

பழுது நேர்ந்தால் யார் பொறுப்பு என்பது இரண்டாவது எதிர்வாதம். நள்ளிரவில் சேவையகம் வீழ்ந்தால், அது விண்டோஸாக இருப்பினும் ஓடிவர வேண்டியவர் கணினி மையத்தின் ஊழியரே. அவரை ஒப்பந்தத்தில் வைத்து, பயிற்சி மறுத்து, பதினொரு மாதத்துக்கொருமுறை மாற்றும் நிர்வாகம், திறமை இல்லை என்பதைத் திறந்த மூல மென்பொருளின் குறையாகக் காட்டுவது நியாயமன்று. கேரளத்தின் ஐடி அட் ஸ்கூல் திட்டம் பள்ளி ஆசிரியர்களுக்கே பயிற்சியளித்து அரசுப் பள்ளிகளின் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. பள்ளிக்கூடங்களால் முடிந்தது பல்கலைக்கழகங்களால் முடியாது என்பவர், எதை ஒப்புக்கொள்கிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மென்பொருளுக்கு விலையில்லை என்பதால் செலவே இல்லை என்று கூறுவதும் பிழை. உரிமத்துக்குச் செல்லும் பணம் நிரந்தரப் பணியிடத்துக்கும் பயிற்சிக்கும் செல்ல வேண்டும் என்பதே கோரிக்கை.

கொள்கை ஆதரவும் இல்லாமல் இல்லை. மத்திய அரசு 2015இல் வெளியிட்ட கொள்கை, திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தருகிறது. ஒப்பந்தப்புள்ளி அளிப்போர் அதை விலக்கினால் காரணம் காட்ட வேண்டும் என்கிறது. கொள்முதல் குழுவில் அமரும் பேராசிரியர்கள் அந்தக் காரணத்தைக் கேட்டுப் பெறட்டும். ஒரு துறையில், ஓர் ஆய்வகத்தில் சோதனை தொடங்கட்டும். கணினி அறிவியல் மாணவர்கள் அதன் மூலநிரலைப் படிக்கட்டும், திருத்தட்டும், அதிலிருந்து ஆய்வுக் கட்டுரை எழுதட்டும். இயங்குதளமும் வலையமைப்பும் பாடமாக நடத்தும் நிறுவனம், தன் உறுப்பினர் பட்டியலைத் தானே பராமரிக்க இயலாது என்று அறிவிக்குமானால், அது கற்பிக்கும் பாடத்தை மாணவர் எதற்காக நம்ப வேண்டும்?