அம்மாவின் பிறந்தநாளும் ஞானசௌந்தரியும்



என் தாயாருக்கு 88 வயது நிறைந்தது. அவர்கள் இளமையில் நம் குடும்பங்களில் பிறந்தநாள் கொண்டாட்டம் அரிது. பெயர் கொண்ட புனிதரின் திருநாளே பெருநாள். பிறந்த தேதியையே பங்குத்தந்தை ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டித்தான் எடுத்துக் கொடுத்தார்.

மண்டபம் பிடிக்கலாம் என்றான் தம்பி. அடுக்குக் கேக் வேண்டும் என்றனர் பேரப்பிள்ளைகள். "பாட்டி, உங்களுக்கு என்ன ஆசை?" என்று கேட்டவள் என் இளைய மகள் ஒருத்தியே. தாயார் சற்றுத் தயங்கி, "ஞானசௌந்தரி படம் பார்க்கணும்" என்றார்கள்.

1948-இல் அக்கதையை இரு நிறுவனங்கள் தனித்தனியே படமாக்கின. சிட்டாடல் நிறுவனத்தின் படமே மக்கள் மனத்தைக் கவர்ந்தது. சிற்றன்னையின் சூழ்ச்சியால் கைகளை இழந்த பெண்ணுக்குத் தேவமாதா மீண்டும் கைகளை அருளும் கதை அது. அப்போது தாயார் பன்னிரண்டு வயதுச் சிறுமி. அண்டை வீட்டாருடன் டூரிங் கொட்டகைக்குப் புறப்பட்டவர்களை, "கொட்டகையிலா மாதாவைப் பார்ப்பது?" என்று பாட்டனார் வாசலிலேயே தடுத்துவிட்டாராம். நாங்கள் இதுவரை கேட்டறியாத செய்தி!

பாட்டனாரைக் குறை கூறுவதற்கில்லை. அக்காலப் பெரியோர் பலரின் எண்ணம் அதுவே. ஆயினும் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1936-இல் விடுத்த சுற்றுமடல், தீய படங்களைக் கண்டித்ததோடு, நல்ல படங்கள் பெரும் நன்மை விளைக்கும் என்றும் கூறியது. இதனால் எதையும் பார்க்கலாம் என்று பொருளன்று. பிள்ளைகளுடன் அமர்ந்து பார்க்கக் கூசும் படத்தைப் பெற்றோர் தனித்திருந்து பார்ப்பதும் எனக்கு உடன்பாடன்று.

நாவலுக்கும் எங்கள் வீட்டில் இதே கதிதான். நான் செபநூலின் அடியில் ஒளித்துப் படித்தவன். தமிழின் முதல் நாவலெனப் போற்றப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. அதை எழுதிய மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். அன்று இதை அறிந்திருந்தால் வீட்டில் வழக்காடியிருப்பேன்!

பிறந்தநாளன்று திருப்பலி முடிந்து, உணவு முடிந்து, பேரன் தொலைக்காட்சியில் அப்படத்தைத் தேடிப்பிடித்து ஓடவிட்டான். தாயாருக்குப் பார்வை மங்கல். என் மகள் அருகமர்ந்து ஒவ்வொரு காட்சியாக எடுத்துரைத்தாள். சிறுவர் இருவர் நடுவிலேயே நழுவிவிட்டனர். கறுப்பு வெள்ளைப் படம் அவர்களுக்குச் சுவைக்கவில்லை. கைகள் மீளும் கட்டத்தில் தாயார் கண்களைத் துடைத்துக்கொண்டு, "அப்பா பார்த்திருந்தா அவரும் அழுதிருப்பார்" என்றார்கள். எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக மனத்திலிருந்த மனக்குறை, அன்று கோபமாகவன்றி இரக்கமாக வெளிப்பட்டது.

மறுநாள் முதல் மாலைச் செபமாலைக்குப்பின் மகள் பிரதாப முதலியாரை வாசித்துக் காட்டுகிறாள். பழைய சொற்களில் அவள் தடுமாறுகையில் தாயார் திருத்துகிறார்கள். நேற்று ஞானாம்பாள் ஆண்வேடத்தில் அரசாளும் பகுதி வந்தது. சிரித்துச் சிரித்துக் களைத்தவர்கள், "போதும்மா, மிச்சத்தை நாளைக்கு வை" என்றார்கள்.