பேரீச்சம்பழத்துக்குப் போகும் கம்ப்யூட்டர்கள்

நாமக்கல் பட்டறைகளில் ஒரு லாரி எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கம்பெனியிலிருந்து வருவது வெறும் சேசிஸ். எஞ்சின், நாலு சக்கரமோ ஆறு சக்கரமோ, ஓட்டிவர ஒரு சீட், அவ்வளவுதான். கேபின், பாடி, பெயின்ட், பின்னால் எழுதும் வாசகம் வரை எல்லாம் பட்டறையில்தான் ஏறும். பக்கத்தில் திருச்செங்கோட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், லாரியின் முதுகில் கம்ப்ரசரையும் ரிக்கையும் ஏற்றி, இந்தியா முழுக்க போர்வெல் போட அனுப்புகிறார்கள். கம்பெனி செய்ததில் கைவைக்கலாமா என்று இந்த மண்ணில் யாரும் கேட்டதில்லை. முன்கண்ணாடி உடைந்துவிட்டது என்பதற்காக லாரியை எடைக்குப் போட்டவனும் இங்கே இல்லை.

ஆனால் பாருங்கள், இதே ஊர்க்காரர்தான் கம்ப்யூட்டரின் கண்ணாடி உடைந்தால் மொத்தத்தையும் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடுகிறார். அந்தக் காலத்தில் பேரீச்சம்பழமாவது கிடைத்தது!

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி பிளஸ் டூ பிள்ளைகளில் தொடங்கி லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். சேலம், ராசிபுரம், சங்ககிரி, பரமத்தி வேலூர் என்று எந்த ஊரில் தேடினாலும் பீரோவுக்கு மேலே துணி சுற்றிய ஒன்று கிடைக்கும். பெரும்பாலும் கதை ஒன்றுதான். கீல் தளர்ந்து, மூடும்போது ஏதோ நெரிந்து, திரையில் மை கொட்டியதுபோல் ஒரு கறை. கடைக்கு எடுத்துப் போனால் நடக்கும் உரையாடலும் ஒன்றுதான்.

"அண்ணா, டிஸ்ப்ளே மட்டும் மாத்த முடியுங்களா?"

"மாடல் பழசுங்க தம்பி, பார்ட்ஸ் வராது. போர்டும் போயிருக்கும். புதுசே பாத்துக்கங்க."

"போயிருக்கும்" என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லா அநியாயமும் இருக்கிறது. போயிருக்கிறதா இல்லையா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். அந்தக் கால லேப்டாப்களின் பக்கவாட்டில் 15 துளைகளோடு விஜிஏ சாக்கெட் இருக்கும், பலவற்றில் எச்டிஎம்ஐயும் இருக்கும். எங்காவது ஒதுக்கிப்போட்ட ஒரு மானிட்டரை அதில் சொருகி, ஆன் செய்து, எஃப்என் சாவியோடு திரைப்படம் போட்ட சாவியை அழுத்த வேண்டும். வெளித்திரையில் படம் வந்தால் போர்டு நன்றாக இருக்கிறது, போனது பேனலோ அதற்குப் போகும் கேபிளோ மட்டும்தான். இந்தச் சோதனையைச் செய்யாமல் "போர்டு போச்சு" என்பவர் மெக்கானிக் அல்ல, ஜோசியர்.

படம் வந்தபின் அந்த லேப்டாப்பை டெஸ்க்டாப்பாக மேசையில் வைத்து இன்னும் சில வருடம் ஓட்டலாம். பேட்டரி செத்திருந்தாலும் கவலையில்லை, சார்ஜரிலேயே ஓடட்டும். கணக்கு எழுத, கடிதம் அடிக்க, பிள்ளைகள் டைப்பிங் பழக அது போதும்.

காமர்ஸ் வகுப்பில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. வருமான வரிச் சட்டம் கம்ப்யூட்டருக்கு முன்பு 60 சதவீதம் தேய்மானம் கொடுத்தது, பிறகு 40 ஆகக் குறைத்தது. குறைந்துசெல் மதிப்பு முறையில், 40,000 ரூபாய்க்கு வாங்கியது ஐந்து முழு ஆண்டுகள் கழித்து ஏட்டில் சுமார் 3,110 ரூபாயாக நிற்கும். இந்த முறையில் எத்தனை வருடம் கழித்தாலும் மதிப்பு பூஜ்யத்தைத் தொடவே தொடாது. மாணவர்கள் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் கடைக்காரரை விடப் பாடப்புத்தகம்தான் இங்கே யோக்கியமாக இருக்கிறது. கிலோ கணக்கில் எடைபோடுகிறவன் தராசில் ஏட்டு மதிப்பும் இல்லை, உழைக்கும் மதிப்பும் இல்லை.

சரி, லேப்டாப்புக்காவது சாக்கெட் இருக்கிறது. சாக்கெட்டே இல்லாத பெட்டிகளை என்ன செய்வது? உண்மையான சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

1984 ஜனவரி 24 அன்று ஆப்பிள் வெளியிட்ட மெக்கின்டோஷ், திரை, போர்டு, ஃபிளாப்பி டிரைவ் மூன்றும் ஒரே பெட்டிக்குள் அடைத்த கச்சிதமான மெஷின். 9 அங்குல கருப்பு வெள்ளைத் திரை, 512க்கு 342 புள்ளிகள். வெளியே இன்னொரு திரை மாட்ட வழியே இல்லை. 1986ல் வந்த மெக் பிளஸ்ஸும் அப்படித்தான். ஆழத்தில் புதைத்த ஸ்க்ரூவைக் கழற்ற நீளமான தனி ஸ்க்ரூடிரைவர் வேண்டும். திறக்காதே என்று சொல்லாமல் சொன்ன பெட்டி. இதோடு ஒப்பிட்டால் 1984-85ல் மத்திய அரசின் கிளாஸ் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ எவ்வளவோ தேவலாம். அதன் முதுகில் டிவிக்கு ஒன்று, கம்பொசிட்டுக்கு ஒன்று, ஆர்ஜிபிக்கு ஒன்று என்று மூன்று வாசல். 2006ல் தமிழக அரசு கொடுத்த இலவச கலர் டிவி பரணில் இருந்தால், பிபிசி மைக்ரோவுக்கு அதையே திரையாக்கலாம். மெக்குக்கு அதுவும் உதவாது. டிவி ஒரு விநாடிக்கு 15,625 கோடுகள் வரையும், மெக் வரைவது 22,000க்கும் மேல். விஜிஏ மானிட்டர் கேட்பது 31,000க்கும் மேல். மெக் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளை.

இந்தப் பெட்டிகளில் முதலில் சாவது மூளையல்ல. பிக்சர் டியூபுக்கு மின்சாரம் கொடுக்கும் அனலாக் போர்டுதான். அதில் ஈயப்பற்று விரிசல் விடும், கெப்பாசிட்டர் காயும், ஃபிளைபேக் டிரான்ஸ்ஃபார்மர் கருகும். லாஜிக் போர்டு பாவம் உள்ளே உயிரோடு துடித்துக்கொண்டிருக்கும், முகம் மட்டும் இருட்டு. ஆனால் அந்த லாஜிக் போர்டிலிருந்து அனலாக் போர்டுக்குப் போகும் கேபிளில் படம் முழுசாக ஓடுகிறது. புள்ளிகளுக்கு ஒரு கம்பி, கோடு முடிந்ததைச் சொல்ல ஒன்று, பக்கம் முடிந்ததைச் சொல்ல ஒன்று. இந்த மூன்றையும் தரைக் கம்பியையும் வெளியே இழுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, இந்த விசித்திர வேகத்தை இன்றைய மானிட்டருக்குப் புரியும் வேகமாக மாற்றுவது. ஒரு பக்கம் முழுவதும் 1,75,104 புள்ளிகள், கருப்பா வெள்ளையா என்பது மட்டும்தான் சேதி. மொத்தம் 21,888 பைட். 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் வந்த ராஸ்பெரி பை பிக்கோவில் 264 கிலோபைட் நினைவகம் இருக்கிறது, இதுபோல் 12 பக்கங்களை வைத்துக்கொள்ளும். ஒரு பக்கத்தை வாங்கி வைத்து, 640க்கு 480 விஜிஏ சட்டத்தின் நடுவில் நான்கு பக்கமும் கருப்பு விளிம்போடு திருப்பி அனுப்பினால் வேலை முடிந்தது. மெக்கின் 5 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் 3.3 வோல்ட் சிப் செத்துவிடும், நடுவில் இறக்கித்தான் கொடுக்க வேண்டும். இன்னொன்று, பிக்சர் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அடிக்கும். டிவி மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் உள்ளே கைவிடுவது வீரம் அல்ல.

இவ்வளவுக்கும் எதிர்ப்புச் சொல்ல ஒரு கூட்டம் இருக்கிறது. எடைக்குப் போடுகிறவர்கள் ஒரு ரகம் என்றால், தொடவே கூடாது என்கிறவர்கள் இன்னொரு ரகம். "ஒரிஜினல் கெட்டுவிடும்" என்பது இவர்களின் மந்திரம். பிளாஸ்டிக் கூட்டில் துளை போடுவது பாவம், 9 அங்குலத் திரையின் வெண்மைதான் அந்த மெஷினின் உயிர், வேண்டுமானால் எமுலேட்டரில் ஓட்டிப் பார்த்துக்கொள் என்பார்கள்.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. போட்ட துளையை அடைக்க முடியாது. அந்தத் திரையின் கூர்மையும் வேறெதிலும் வராது. டியூப் எரிகிறவரை அதைப் பிடுங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் துளை போட்டே ஆக வேண்டும் என்று இவர்களுக்கு யார் சொன்னது? 1987ல் வந்த மெக் எஸ்இயின் பின்புறம் உபரிச் சாதனங்களுக்கென்றே ஒரு மூடி இருக்கிறது. பிளஸ்ஸில் பேட்டரி அறை இருக்கிறது. கம்பி அந்த வழியாக வரட்டும், நாளைக்கு வேண்டாம் என்றால் உருவி எடுத்துவிடலாம். எரியாத ஒரு மெஷினை ஷோகேஸில் வைத்து ஒரிஜினல் என்று துடைத்துக்கொண்டிருப்பது, ஓடாத லாரிக்கு ஆயுத பூஜை போடுவதுபோல.

எமுலேட்டர் வாதம்தான் இதில் மிக மோசம். புரோகிராமை எமுலேட்டர் ஓட்டும், சரி. ஃபிளாப்பியை யார் படிப்பது? மெக்கின் 400கே, 800கே ஃபிளாப்பிகளில் தடம் மாற மாற டிரைவ் சுற்றும் வேகமும் மாறும். சாதாரண பிசி டிரைவோ, கடையில் கிடைக்கும் யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவோ அவற்றைப் படிக்காது. விளம்பர நிறுவனங்களும் அச்சுத் தொழிலும் ஒரு காலத்தில் மெக்கை நம்பித்தான் பக்கம் கட்டின. அன்றைய தமிழ் கோப்புகள் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு தனிக் குறியீட்டில் இருந்தன. தமிழக அரசு யூனிகோடை ஏற்றதே 2010ல்தான். அந்தக் கோப்பை அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் தெரிவது தமிழ் அல்ல, பூச்சி ஊர்ந்த தடம். டிரைவ், எழுத்துரு, மென்பொருள் மூன்றும் கூடியிருக்கும் ஒரே இடம், திரை செத்த அந்தப் பழைய பெட்டி. அதைப் பரணிலிருந்து இறக்கி எடைக்குப் போடும்போது கூடவே போவது யாருடைய மலர், யாருடைய கவிதைத் தொகுப்பு, எந்தச் சங்கத்தின் 20 வருடக் கணக்கு என்று போடுகிறவருக்கே தெரியாது. நாலு கம்பியும் ஒரு சின்ன போர்டும் அதைப் பார்க்க வைத்திருக்கும்.

அரசும் ஒதுங்கி நிற்க முடியாது. 2022ன் மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தயாரித்த கம்பெனியே கழிவுக்குப் பொறுப்பு என்கின்றன. நல்லதுதான். ஆனால் எது கழிவு என்று முடிவு செய்வது பள்ளியிலும் ஆபீஸிலும் இருக்கும் ஒரு பட்டியல். "பழுது" என்று எழுதி வரிசை எண் போட்டால் முடிந்தது. திரை பழுதா, போர்டு பழுதா, வெறும் கேபிள் பழுதா என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. அந்தப் பட்டியலில் "வெளித்திரையில் சோதிக்கப்பட்டதா" என்று ஒரு கட்டம் சேர்த்து, சோதித்தவர் கையெழுத்து வாங்கட்டும். இதற்குத் தனி நிதி வேண்டாம், டெண்டர் வேண்டாம். கேபிள் அதே ஸ்டோர் ரூமில், கட்டு பிரிக்காமல் கிடக்கிறது.