காசு என்னும் சொல்

சொற்களுக்கும் வரலாறு உண்டு. ஒரு சொல்லின் பொருள் காலப்போக்கில் விரியும்; சுருங்கும்; சில வேளைகளில் முற்றிலும் மாறும். அம்மாற்றங்களைப் பதிந்து வைத்திருக்கும் கருவூலங்களே அகராதிகள். அவற்றைப் புரட்டிப் பாராமல், ஒலி ஒத்திருப்பது ஒன்றையே சான்றாகக் கொண்டு ஒரு சொல்லின் பிறப்பை உரைப்பது முறையன்று. தமிழில் வழங்கும் ‘காசு’ என்னும் சொல்லும், ஆங்கிலத்தில் வழங்கும் ‘கேஷ்’ என்னும் சொல்லும் இதற்குத் தக்க சான்றாகும்.

கைப்பணத்தை ஆங்கிலேயர் ‘கேஷ்’ என்பது நம் காசிலிருந்து பிறந்ததே என்பர் ஒரு சாரார். அவ்வாங்கிலச் சொல்லே தமிழில் காசு எனத் திரிந்தது என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுகளும் ஆராயத்தக்கன.

முதற்கண் தமிழ்ச் சொல்லைக் காண்போம். குறுந்தொகையின் 67ஆம் பாடலில், கிளி தன் வளைந்த அலகில் பற்றிய வேப்பம்பழத்துக்கு, புதிய நூலில் கோப்பதற்காகக் கூரிய நகங்களிடையே பற்றிய பொற்காசு உவமையாக வருகின்றது. அங்குக் காசு என்பது அணிகலனில் கோக்கப்படுவது. வெண்பாவின் ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றால் முடியும் என்பதை மாணவர் அறிவர். முதலாம் இராசராசன் (985–1014) காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் காசு என்பது கொடுக்கவும் கொள்ளவும் உரிய நாணயம். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, பொன், மணி, நாணயம் முதலிய பொருள்களைக் காசுக்குத் தருவதோடு, குற்றம் என்ற பொருளையும் தருகின்றது. ‘கேஷ்’ என்னும் சொல்லோ ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியதே 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். மகளுக்குப் பின் தாய் பிறத்தல் இயலாது. ஆகவே, ஆங்கிலத்திலிருந்து காசு வந்தது என்னும் கூற்று நில்லாது.

இனி மற்றைய கூற்றைக் காண்போம். 1598இல் ஃபுளோரியோ என்பார் வெளியிட்ட இத்தாலிய–ஆங்கில அகராதியில், ‘கேஷ்’ என்பது வணிகரின் பணப்பெட்டியைக் குறிக்கின்றது. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி, அதனைப் பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழித்தோன்றல் என்று காட்டி, பணம், சிறப்பாகக் கையிருப்புப் பணம் என்று பொருள் உரைக்கின்றது. பெட்டியின் பெயர், அப்பெட்டியுள் இருக்கும் பணத்துக்கு ஆகி வந்தது. இலக்கணப் பாடத்தில் மாணவர் கற்கும் ஆகுபெயர் ஆங்கிலத்திலும் உண்டு என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. எனவே, கைப்பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ தமிழிலிருந்து சென்றதன்று.

ஆயின், தமிழுக்கு இதில் பங்கே இல்லையோ எனின், உண்டு. யூல், பர்னெல் என்னும் இருவர் தொகுத்து 1886இல் வெளியிட்ட ‘ஹாப்சன்–ஜாப்சன்’ என்னும் அகராதி, இந்தியாவில் வழங்கிய சிறு நாணயத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ என்ற வேறொரு சொல்லைப் பதிந்து, அதனைத் தமிழ்க் காசோடு தொடர்புபடுத்துகின்றது. கடல் கடந்து வந்த போர்த்துகீசியர் காசு என்னும் சொல்லைத் தம் நாவிற்கேற்ப ‘கைஷா’ என்றனர். அவர்தம் மொழியில் பெட்டிக்கும் அதுவே பெயர். ஆங்கிலேயரும் அதனைத் தம் மொழியில் முன்னரே இருந்த சொல்லைப் போலவே ஒலித்தனர். இவ்வாறு பிறப்பால் வேறுபட்ட இரு சொற்கள் ஒரே வடிவம் பெற்றன. சென்னையில் ஆங்கிலக் கும்பினியார் 80 காசு ஒரு பணம் என்றும், 42 பணம் ஒரு வராகன் என்றும் கணக்கு வைத்தனர். 1818இல் ரூபாய்க் கணக்கு வந்தபின் இது மறைந்தது. நடுவில் துளையுள்ள சீனச் செப்பு நாணயத்தையும் ஐரோப்பியர் இப்பெயராலேயே அழைத்தனர்.

புதுக்கோட்டை மண்ணுக்கு இவ்வரலாற்றில் தனியிடம் உண்டு. தொண்டைமான் மன்னர் ஆண்ட அத்தனியரசில் ‘அம்மன் காசு’ என்னும் சிறிய செப்பு நாணயம் வழங்கிற்று. ஒரு புறம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளின் உருவமும், மறுபுறம் ‘விஜய’ என்னும் தெலுங்கு எழுத்துகளும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. நவராத்திரி விழாவில் மக்களுக்கு அரிசியோடு அக்காசும் வழங்கப்பட்டது. 1948இல் அவ்வரசு இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. கணக்கேடுகளில் ஆங்கிலேயர் எழுதிய ‘கேஷ்’ எது என்று அறியாதார்க்கு, அம்மன் காசே விடை கூறும்.

அயல்மொழிச் சொற்களையெல்லாம் தமிழின என்று கூறுவதே மொழிப்பற்று என்று எண்ணுவாரும் உளர். அவ்வெண்ணம் நல்ல நோக்கத்தில் எழுவதாயினும், பயன் தீதாய் முடியும். பொய்யாய உரிமை ஒன்று வெளிப்படின், மெய்யாய உரிமை பத்தும் ஐயத்துக்கு இடமாகும். கைப்பணக் ‘கேஷை’யும் நமதென்று வழக்காடுவோன், செப்புக்காசின் பெயர் நமதென்று மெய்யாகக் கூறும்போதும் உலகம் நம்பாது.

ஆதலின், ஒரு சொல் மற்றொன்றிலிருந்து வந்தது என்று துணிவதற்கு முன் மூன்றினை ஆராய்தல் வேண்டும். ஒலி ஒத்ததா? பொருள் ஒத்ததா? எக்காலத்தில், யார் வழியாகச் சென்றது என்பதற்குச் சான்று உளதா? முதலிரண்டும் இருந்து மூன்றாவது இல்லையேல், முடிவு கூறாது பொறுத்திருத்தலே அறிவுடைமை. மெய்யாகவே தமிழுக்கு உரியவை பல. அவற்றைச் சான்றோடு எடுத்துரைப்பதே தமிழ் பயில்வார் கடனாகும்.