செக்போஸ்ட்டை லாரியில் ஏற்றாதீங்க

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்கு பஸ்ஸில் போனவர்களுக்கு அமரவிளை செக்போஸ்ட் ஞாபகமிருக்கும். நாகர்கோவில் பக்கமிருந்து திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துக்குப் போகிற சரக்கு லாரியெல்லாம் அங்கே வரிசையில் நிற்கும். பில்லைக் காட்டிவிட்டுத்தான் நகர முடியும். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததோடு அந்த விற்பனை வரிச் சோதனை முடிவுக்கு வந்தது. அந்த வரிசையை நான் திட்டாத நாளில்லை. ஆனா ஒண்ணு, சோதனை முடிஞ்சா லாரி மட்டும்தான் போகும். வெங்காயம் வாங்கினவர் வீட்டுத் திண்ணையில் ஆபீசர் வந்து உட்கார்ந்ததில்லை.

தூரதேசத்தில் பொட்டி தட்டுகிறவனுக்கு இப்போ எதுக்கு இந்த ஞாபகம்? நான் பண்ணின ஒரு தப்புதான் காரணம்.

ரூபி மொழியில், மற்றவர்கள் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்புக்கு 'ஜெம்' என்று பேர். நானும் ஒரு குட்டி ஜெம் எழுதி இலவசமாக விட்டிருந்தேன். எழுதினது ஒழுங்கா இருக்கான்னு பார்க்க 'ரூபோகாப்' என்றொரு கருவி உண்டு. போஜிதார் பாட்சோவ் 2012-ல் தொடங்கினது. வரி நீளமா, இடைவெளி சரியா, மேற்கோள் குறி ஒற்றையா இரட்டையா என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். நல்ல கருவி. நான் தினமும் ஓட்டுகிறேன்.

ஒரு ஜெம்முக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதும் கோப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஜெம் ஓடுவதற்கே வேண்டியது. இன்னொன்று, அதை எழுதுகிறவனுக்கு மட்டும் வேண்டியது. நான் ரூபோகாப்பை முதல் வகையில் எழுதிவிட்டேன். செக்போஸ்ட்டையே லாரியில் ஏற்றி அனுப்பின கதை!

முகம் தெரியாத ஒருவர் மடல் போட்டிருந்தார். அவர் வேலையில் ரூபோகாப்பின் வேறொரு பதிப்பு. ஒரு மென்பொருளுக்குள் ஒரு ஜெம்மின் ஒரே பதிப்பைத்தான் பண்ட்லர் அனுமதிக்கும். அவர் பதிப்பும் நான் கேட்ட பதிப்பும் ஒத்துப்போகாததால் எதுவுமே நிறுவ முடியவில்லை. என் மேற்கோள் குறி ஒழுங்குக்காக அவருக்கு அரைநாள் வேலை போச்சு. ஒரு வரியை மாற்றினேன், சரியாயிற்று. வெட்கம் மட்டும் போகலை.

'இலவசமாத்தானே தர்றோம்' என்பது சாக்கு இல்லை. இலவசமா வாங்குறவரோட நேரம் இலவசமில்லை. ரூபோகாப்பின் விதிகளும் மாறுகிறவை. வரிக்கு 80 எழுத்து என்று இருந்த வரம்பு 2020-ல் 120 ஆனது. அந்த மாற்றத்தோடு மல்லுக்கட்ட வேண்டியவன் எழுதினவன்தான், வாங்கினவர் இல்லை.

விதிவிலக்கு உண்டு. ரூபோகாப்-ரெயில்ஸ், ரூபோகாப்-ஆர்ஸ்பெக் மாதிரியானவை அந்தக் கருவிக்கே துணையாக எழுதப்பட்டவை. அவை அதைக் கேட்பது நியாயம். மற்ற ஜெம்களுக்கு அது வேண்டியதில்லை.

உங்க வீட்டுப் பிள்ளை ரூபி எழுதுதா? இன்னைக்கு ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் அந்தக் கோப்பை ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்க. சோதனையெல்லாம் எல்லையிலேயே முடியட்டும். சரக்கு மட்டும் ஊருக்குள் போகட்டும்.