வந்த விருந்தாளியும் வராத சொந்தங்களும்!



"நம்ம ஊர்ப் பக்கம் இதுவரை யாரும் பார்க்காத ஒரு வண்ணத்துப்பூச்சி வந்திருக்கிறதாம்!" என்று யாராவது சொன்னால் நாம் என்ன செய்வோம்? ஓடிப்போய்ப் பார்ப்போம். செல்போனில் ஒரு படம் எடுப்போம். பத்திரிகைக்காரர் வந்தால் 'அபூர்வ வண்ணத்துப்பூச்சி வருகை... பொதுமக்கள் மகிழ்ச்சி!' என்று ஒரு பெட்டிச் செய்தி வரும். மறுநாள் மறந்து போகும்.

மகிழ்ச்சி அடைவதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதோடு இரண்டு கேள்விகளையும் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. ஒன்று, அது ஏன் வந்தது? இரண்டு, அது வர முடிந்தபோது வர முடியாமல் போனவை எத்தனை?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். கூட்டம் கூட்டமாகப் பறந்து போகும் எல்லா வண்ணத்துப்பூச்சியும் வழி தவறி வந்தது அல்ல. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே சில இனங்கள் ஆண்டுதோறும் மழைக்காலத்தை ஒட்டிப் போய் வருகின்றன. அதற்கு வலசை என்று பெயர். பஸ் ரூட் மாதிரி, போன வருடமும் வந்தது, அடுத்த வருடமும் வரும். நான் சொல்ல வந்தது, ரூட்டே இல்லாத ஊருக்கு வந்து சேர்ந்த பூச்சியைப் பற்றி.

இதற்கு நல்ல உதாரணம் நம் மண்ணிலேயே இருக்கிறது. டானி காஸ்டர் என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் ஒரு வண்ணத்துப்பூச்சி. செங்கல் நிறத்தில், கரும்புள்ளிகளோடு, இடுப்பளவு உயரத்தில் மெதுவாகப் பறக்கும். நாம் எல்லோரும் நிச்சயம் பார்த்திருப்போம், பெயர்தான் தெரிந்திருக்காது. இந்தியாவும் இலங்கையும்தான் இதன் சொந்த ஊர். இந்தப் பூச்சி 1980களில் தாய்லாந்தில் தென்பட ஆரம்பித்தது. 1990களில் மலேசியா. 2006ல் சிங்கப்பூர். அப்புறம் இந்தோனேசியத் தீவுகள். 2012ல் கடலைத் தாண்டி ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரப் பக்கம் போய் இறங்கிவிட்டது! நம்ம ஊரில் யாரும் திரும்பிப் பார்க்காத பூச்சி, அங்கே அபூர்வ விருந்தாளி!

இத்தனைக்கும் இது வேகமாகப் பறக்கிற ஜாதி அல்ல. பறவை பிடித்தால் மஞ்சள் நிறத்தில் கசப்பான ஒரு திரவத்தைக் கக்கும், செத்த மாதிரி நடிக்கும், அதனால் பறவைகள் இதை விரும்பித் தின்பதில்லை. பின்னே எப்படி அவ்வளவு தூரம் போனது? விடை இறக்கையில் மட்டும் இல்லை, இலையிலும் இருக்கிறது. இதன் புழு தின்பது ஓரிதழ் தாமரை, சிறுபூனைக்காலி போன்ற செடிகளை. சிறுபூனைக்காலி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து வெப்ப நாடுகள் எங்கும் களையாகப் பரவிய கொடி. ஓரிதழ் தாமரை வட ஆஸ்திரேலியாவில் இயற்கையாகவே முளைக்கிறது. இந்தப் பூச்சி அடர்ந்த காட்டில் வாழாது; வெயில் விழும் வெட்டவெளி, தரிசு, சாலையோரம் இவைதான் அதன் வீடு. தென்கிழக்கு ஆசியாவில் காடுகளை வெட்ட வெட்ட, வெட்டவெளி பெருகியது. காடு போன இடத்தில் இதற்கு வழி திறந்தது என்று எண்ணுவதில் நியாயம் இருக்கிறது.

மோனார்க் என்ற அமெரிக்க வண்ணத்துப்பூச்சியின் கதையும் இப்படித்தான். 1870 வாக்கில் அது ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது. அதன் புழு தின்னும், எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த செடிகளை மனிதர்கள் அதற்கு முன்பே அங்கே கொண்டுபோய் வளர்த்துவிட்டார்கள். சாப்பாடு முன்னால் போனது. விருந்தாளி பின்னால் போனார். பறக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, இறங்குற இடத்தில் இலை வேணும்!

இப்போது சூடு விஷயத்துக்கு வருவோம். பூமி வெப்பமாகி வருகிறது என்று நாம் படிக்கிறோம். தெர்மாமீட்டர் இல்லாமலே அதைச் சொன்னவை வண்ணத்துப்பூச்சிகள். கமீல் பார்மிசான் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானியும் அவரது குழுவினரும் ஐரோப்பாவில் வலசை போகாத 35 இனங்களை ஆராய்ந்து 1999ல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 63 சதவீதம் அந்த நூற்றாண்டில் 35 முதல் 240 கிலோமீட்டர் வரை வடக்கே நகர்ந்திருந்தன. தெற்கே நகர்ந்தவை 3 சதவீதம்தான், அதாவது ஒரே ஓர் இனம். குளிர்ச்சியைத் தேடி ஊரையே மாற்றிக்கொண்டிருக்கின்றன!

"சரிதான், சூடானால் நகர்ந்து போய்ப் பிழைத்துக்கொள்ளும், நமக்கென்ன கவலை?" என்று ஒரு நண்பர் கேட்கலாம். அங்கேதான் என் இரண்டாவது கேள்வி வருகிறது.

பிரிட்டனில் 46 இனங்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2001ல் வெளியானது. அந்த நாட்டில் தங்கள் வடக்கு எல்லையில் வாழும் இனங்கள் அவை. வெப்பம் கூடினால் அவை வடக்கே பரவ வேண்டும், எண்ணிக்கை கூட வேண்டும். ஆனால் நடந்தது என்ன? 30 ஆண்டுகளில் முக்கால்வாசி இனங்கள் குறைந்து போயின! எங்கும் வாழக்கூடிய, நன்றாகப் பறக்கக்கூடிய இனங்களில் பாதி மட்டும் பரவின. குறிப்பிட்ட ஒரு வகை நிலத்தையே நம்பி வாழும் இனங்களில் 89 சதவீதம் குறைந்தன. காரணம், அவை போக வேண்டிய வழியில் அவற்றுக்கு உரிய நிலமே மிச்சம் இல்லை. சூடு 'போ' என்றது, நிலம் 'வராதே' என்றது. நடுவில் மாட்டிக்கொண்டது பூச்சி.

புதிய ஊரில் ஓர் அபூர்வப் பூச்சி தென்பட்டால் அது செய்தி. அதே நேரத்தில் பல இனங்கள் சத்தமில்லாமல் காணாமல் போனால் அது செய்தி ஆவதில்லை! வந்ததைப் படம் பிடிக்கலாம். வராததை எப்படிப் படம் பிடிப்பது?

இந்தக் கணக்கு எனக்குச் சுலபமாகப் புரிந்தது. காரணம், எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். "பாரு, அந்த வீட்டுப் பொண்ணு சிவில் டிப்ளமோ படிக்குது" என்று எங்கள் தெருவில் என்னைக் காட்டிச் சொல்வார்கள். கேட்க எனக்கும் பெருமைதான். ஆனால் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்து, என்னைவிட நன்றாகக் கணக்குப் போட்டவர்கள் இன்று மில்லிலும் செங்கல் சூளையிலும் இருக்கிறார்கள். பஸ் வசதி, பீஸ், வீட்டு நிலைமை எல்லாம் எனக்கு அமைந்தது, அவர்களுக்கு அமையவில்லை. ஒருத்தி வந்துவிட்டதால் வழி எல்லோருக்கும் திறந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். பூச்சி விஷயத்திலும் அதே பொய்யைத்தான் நாம் சொல்லிக்கொள்கிறோம்.

நம் தமிழக அரசு 2019ல் 'தமிழ் மறவன்' என்ற வண்ணத்துப்பூச்சியை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் வாழ்வது. அதன் புழு தின்பது நீரடிமுத்து மரத்தின் இலையை. டானி காஸ்டருக்குச் சாலையோரக் களை போதும், டார்வின் வரை போகும். தமிழ் மறவனுக்கு மலையும் மரமும் வேண்டும். நாளைக்கு மலை சூடானால் அது எங்கே நகரும்? மேலே நகரலாம். மலை உச்சி முடிந்தால்? உச்சிக்கு மேலே ஊர் இல்லையே, தோழர்களே!

இதில் டிப்ளமோ மாணவர்களாகிய நாம் என்ன செய்ய முடியும்? நிறையச் செய்ய முடியும். சர்வே பிராக்டிகலில் நமக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது என்ன? பெஞ்ச் மார்க் இல்லாமல் லெவல் எடுக்காதே! தெரிந்த மட்டம் ஒன்று இருந்தால்தான் மற்ற இடம் ஏறியதா இறங்கியதா என்று சொல்ல முடியும். வண்ணத்துப்பூச்சிக்கும் அதே விதிதான். இன்று நம் வளாகத்தில் என்னென்ன சாதாரணப் பூச்சிகள் இருக்கின்றன என்று எழுதி வைத்தால்தான், நாளை வருவது புதுசா, போனது எது என்று சொல்ல முடியும். அபூர்வத்தை அறிய முதலில் சாதாரணத்தை எண்ண வேண்டும்.

அதற்குக் கருவி ஏதும் வேண்டாம். பிரிட்டனில் 1976 முதல் ஒரு முறையில் எண்ணி வருகிறார்கள். எர்னஸ்ட் பொல்லார்டு என்பவர் வகுத்த முறை. ஒரே பாதை. வாரம் ஒரு தடவை நடை. இரண்டு பக்கமும் இரண்டரை மீட்டருக்குள் தெரியும் பூச்சிகளை மட்டும் எண்ணிக் குறித்துக்கொள்வது. அவ்வளவுதான்! சங்கிலி பிடித்து அளக்கும் நமக்கு இது ஒரு வேலையா? நம் நாட்டிலும் 2020 முதல் செப்டம்பர் மாதத்தை வண்ணத்துப்பூச்சி மாதமாகக் கொண்டாடி, பொதுமக்களே கணக்கெடுக்கிறார்கள். நாமும் சேரலாம்.

"அரியர்ஸ் எழுதவே நேரம் இல்லை, இதில் பூச்சி எண்ணச் சொல்கிறாயா?" என்று சிரிப்பவர்களும் உண்டு. வாரத்தில் அரை மணி நேரம் போதும். கேண்டீனில் நாம் உட்காரும் நேரத்தைக் கணக்குப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை! தவிர, நாளை ரோடு போடப் போகிறவர்களும், கட்டடம் கட்டப் போகிறவர்களும், மின்கம்பம் நடப் போகிறவர்களும் நாம்தானே? எந்த நிலத்தில் என்ன இருந்தது என்று பார்க்கப் பழகாத கண், அதை அழிக்கும்போதும் பார்க்காது.

எனவே மாணவர் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டே இரண்டு. ஒன்று, ஆண்டு விழா வருகிறது என்றால் வளாகம் முழுவதும் செடி கொடிகளைச் செதுக்கி, மருந்து அடித்து 'சுத்தம்' செய்வது பல கல்லூரிகளில் வழக்கம். நாம் ஒர்க் ஷாப்புக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தையாவது அப்படியே விட்டுவைப்போம். அங்கே முளைக்கும் சிறுபூனைக்காலி களை அல்ல, ஒரு குடும்பத்தின் சாப்பாடு. இரண்டு, சங்க அறையில் ஒரு நோட்டு வைப்போம். தேதி, நேரம், இடம், பூச்சி, எண்ணிக்கை. பீல்டு புக் எழுதுவதுபோல, பார்த்த இடத்திலேயே எழுதுவது, அழித்து எழுதாமல் இருப்பது. நாம் போன பிறகு ஜூனியர்கள் தொடரட்டும்.

அபூர்வ விருந்தாளி வரும் நாளில் கைதட்டுவோம், தப்பில்லை. கைதட்டி முடித்ததும் நோட்டைப் பிரித்து, போன வருடம் இருந்து இந்த வருடம் வராத பெயர்களையும் படித்துப் பார்ப்போம். அந்தப் பெயர்கள் நோட்டில் இருக்க வேண்டுமென்றால், இந்த வாரமே நடக்கத் தொடங்க வேண்டும்.

எண்ணுவோம், தோழர்களே! இரண்டு அர்த்தத்திலும் எண்ணுவோம்!

- மூன்றாமாண்டு அமைப்பியல் மாணவி