பாடல் பிறந்த கதை எங்கே முடிகிறது?

சென்ற ஆண்டு இறுதியில் என் விடுதித் தோழி ஒருத்தியின் தந்தை காலமானார். வடகிழக்கு மாநிலம் ஒன்றைச் சேர்ந்த கிறித்தவக் குடும்பம். அடக்கத்துக்குப் போய்த் திரும்பிய வாரத்தில் அவளுடைய கைப்பேசிக்கு ஒரே பாடலை ஏழெட்டுப் பேர் அனுப்பியிருந்தார்கள்: அமெரிக்காவின் மெர்சிமி குழு பாடிய ‘ஐ கேன் ஒன்லி இமாஜின்’. பாடலோடு அது பிறந்த கதையும் வந்திருந்தது. அடித்துத் துன்புறுத்திய தந்தையை மகன் மன்னித்த கதை. அனுப்பியவர்களில் சிலருக்கு அவள் வீட்டு நிலவரம் தெரியும். அவளுடைய தந்தையும் கை நீட்டுகிறவராகவே வாழ்ந்தவர். “அவர் மன்னித்தார், பாட்டுப் பிறந்தது. நான் மன்னிக்கவில்லையென்றால் என்ன பிறக்கும்?” என்று என்னிடம் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று முதல் இந்தப் பாடலின் கதையைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆய்வேட்டின் மூன்றாம் இயல் அப்படியே கிடக்கிறது. நெறியாளர் முகநூல் பக்கம் வருவதில்லை என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பார்ட் மில்லர்டு டெக்சாஸ் மாநிலத்தின் கிரீன்வில் என்ற ஊரில் வளர்ந்தவர். தந்தை ஆர்தர் கோபக்காரர். மகனைக் கடுமையாக அடித்தார். பிறகு ஆர்தருக்குக் கணையப் புற்றுநோய் கண்டது. நோய்க்காலத்தில் அவர் மனம் மாறினார், சமய நம்பிக்கைக்குள் வந்தார். மகனே அவரைப் பராமரித்தார். 1991இல் ஆர்தர் இறந்தபோது பார்ட்டுக்குப் பதினெட்டு வயது. மகன் இப்போது எதையெல்லாம் கண்டுகொண்டிருப்பானோ, நம்மால் கற்பனைதான் செய்ய முடியும் என்ற பொருளில் பாட்டி ஏதோ சொன்னார். அந்தத் தொடர் பேரனின் மனத்தில் ஒட்டிக்கொண்டது. கையில் கிடைத்த தாள்களிலெல்லாம் அதை எழுதிவைத்தார். குழு 1994இல் உருவாயிற்று. 1999இல் சொந்த முயற்சியில் வெளியிட்ட ஒரு தொகுப்புக்கு இன்னும் ஒரு பாடல் தேவைப்பட்டது. பழைய குறிப்பேடு ஒன்றைப் புரட்டியபோது அந்தத் தொடர் மீண்டும் கண்ணில் பட்டது. பத்து நிமிடங்களில் பாடல் எழுதி முடிக்கப்பட்டது. 2001இல் ‘ஆல்மோஸ்ட் தேர்’ தொகுப்பில் மறுபடி வெளிவந்து, 2003 வாக்கில் சமயம் சாராத வானொலிகளிலும் ஒலித்து, அமெரிக்க இறுதிச் சடங்குகளின் பாடலாகவே ஆகிவிட்டது.

மொழியியல் படித்தவளுக்கு இதில் முதலில் கண்ணில் படுவது ஒரு தன்மை, படர்க்கை மாற்றம். பாட்டியின் வாக்கியத்துக்கு எழுவாய் இறந்துபோன மகன். அவன் எதைக் காண்கிறான் என்பதே அவர் கேள்வி. பேரன் எழுதிய பாடலில் அந்த ‘அவன்’ இல்லை. மறுமையில் இறைவனை நேருக்கு நேர் காணும்போது ‘நான்’ என்ன செய்வேன், ஆடுவேனா, அசையாமல் நிற்பேனா, மண்டியிடுவேனா, பேச நா எழுமா என்று அடுக்கடுக்காகக் கேட்டுக்கொண்டே போகிறது. எந்தக் கேள்விக்கும் விடை சொல்லவில்லை. தந்தை என்ற சொல் பாடலில் ஓரிடத்திலும் கிடையாது. அடி இல்லை, நோய் இல்லை, மன்னிப்பும் இல்லை. தலைப்பில் இருக்கும் ‘ஒன்லி’யைத் தமிழில் சொல்ல நம் ‘தான்’ போதும்: கற்பனை செய்யத்தான் முடியும். அதற்கு மேல் என்னால் ஆகாது என்று ஒப்புக்கொள்கிற ஒட்டு அது.

எட்டு ஆண்டுகள் மனத்தில் கிடந்த தொடரிலிருந்து பதினெட்டு வயது மகனின் வீடு முழுவதும் கழிந்துபோய், எவரும் தம்மை வைத்துக்கொள்ளத்தக்க ஒரு ‘நான்’ மட்டும் எஞ்சியிருக்கிறது. குழந்தையை இழந்த தாயும் கணவனை இழந்த மனைவியும் அந்த ‘நா’னுக்குள் போய் நிற்க முடிந்ததற்குக் காரணம் இந்தக் காலியிடம்தான் என்று நினைக்கிறேன். பாடல் வெளிவந்து பல ஆண்டுகள் வரை, கேட்டவர்களில் பெரும்பாலோர் ஆர்தரைப் பற்றி எதுவும் அறியாமலேயே அழுதார்கள்.

2018 மார்ச்சில் அதே தலைப்பில் திரைப்படம் வந்தது. எர்வின் சகோதரர்கள் இயக்கம். ஆர்தராக டென்னிஸ் குவைடு. சுமார் 70 லட்சம் டாலர் செலவில் எடுத்து 8 கோடி டாலருக்கு மேல் ஈட்டிய படம். குவைடு நன்றாகவே நடித்திருக்கிறார். அவர் இல்லாவிட்டால் இரண்டாம் பாதியில் உட்கார முடியாது. படம் காலத்தை என்ன செய்கிறது என்பதே என் அக்கறை. படத்தில் குழு முன்பே ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருக்கிறது; நாஷ்வில்லில் இசை நிறுவனத்தாரால் நிராகரிக்கப்பட்ட பாடகன் வீடு திரும்புகிறான்; அங்கே நோயுற்று, மனம் மாறிய தந்தை. சமாதானம், மரணம், பாடல். உண்மையில் ஆர்தர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்தே குழு தோன்றியது, மேலும் ஐந்து ஆண்டுகள் கழித்தே பாடல் எழுதப்பட்டது. திரைக்கதைக்கு இத்தகைய சுருக்கம் வேண்டியிருக்கும், அதில் வழக்கில்லை. ஆனால் சுருக்கத்தில் காணாமற்போனவை எவை என்று பாருங்கள்: ஒன்றும் நடக்காத எட்டு ஆண்டுகள். தந்தை இறந்துவிட்டார், மன்னித்தாயிற்று, இருந்தும் அந்தத் தொடரைத் தாளில் எழுதி எழுதிப் பார்ப்பதைத் தவிர வேறெதற்கும் வழி தெரியாத எட்டு ஆண்டுகள். என் தோழி இப்போது அந்த எட்டில் முதல் ஆண்டில் இருக்கிறாள். அவளுக்கு வந்த கதையில் அந்த ஆண்டுக்கு இடமே இல்லை.

லபோவும் வாலெட்ஸ்கியும் 1967இல் எழுதிய கட்டுரையை மொழியியல் மாணவர்கள் அனைவரும் படித்திருப்பார்கள். மனிதர்கள் தம் அனுபவத்தை வாய்மொழியாகச் சொல்லும்போது அதற்கு ஓர் உள்ளமைப்பு இருக்கிறது என்று காட்டிய கட்டுரை. அதில் கடைசி உறுப்பு முடிப்பு. கேட்பவரைக் கதைக்காலத்திலிருந்து நிகழ்காலத்துக்குக் கொண்டுவந்து விடுவது அதன் வேலை. அது வந்துவிட்டால் ‘அப்புறம் என்ன ஆயிற்று?’ என்று யாரும் கேட்க மாட்டார்கள். பாடல் பிறந்த கதைகளில் பாடலே அந்த முடிப்பு. துன்பம் வந்தது, பாடல் பிறந்தது, இதோ இன்று நாம் பாடிக்கொண்டிருக்கிறோம். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பது ஏறக்குறைய நாகரிகக் குறைவு.

இந்த வகைக் கதைகளில் பழைய ஒன்று ஹொரேஷியோ ஸ்பாஃபோர்டின் கதை. சிகாகோ நகர வழக்கறிஞர். 1873 நவம்பரில் ‘வீல் து ஆவ்ர்’ என்ற கப்பல் அட்லாண்டிக்கில் மூழ்கியதில் அவருடைய நான்கு மகள்களும் இறந்தார்கள். மனைவி மட்டும் பிழைத்துத் தந்தி கொடுத்தார். மனைவியை அழைத்துவரக் கடலைக் கடந்தபோது ஸ்பாஃபோர்டு எழுதியதாகச் சொல்லப்படும் பாடல் ‘இட் இஸ் வெல் வித் மை சோல்’. கதை சொல்கிறவர்கள் அந்தக் கப்பல் தளத்திலேயே அவரை நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு பிறந்த மகன் 1880இல் செங்காய்ச்சலால் இறந்தான். தாம் சார்ந்திருந்த திருச்சபையோடு ஸ்பாஃபோர்டு தம்பதியர் முரண்பட்டு விலகினார்கள். 1881இல் ஒரு சிறு குழுவோடு எருசலேமுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே உருவானதுதான் ‘அமெரிக்கன் காலனி’. உள்ளம் அமைதியடைந்துவிட்டது என்று பாடிய மனிதர் அதன் பிறகு கடந்துவந்த பாதை இது. பாடலை இது பொய்யாக்கவில்லை. எனக்கு அந்தப் பாடல் இப்போது முன்னைவிட அதிகமாகப் பிடிக்கிறது.

மெர்சிமி குழுவிடம் எனக்கு மதிப்பு ஏற்படுவது, ‘அப்புறம் என்ன ஆயிற்று?’ என்ற கேள்விக்கு அவர்கள் தொடர்ந்து பதில் எழுதிக்கொண்டிருப்பதால்தான். மன்னித்து முடித்ததாக உலகம் நம்பிய மகன், 2014ஆம் ஆண்டின் ‘வெல்கம் டு த நியூ’ தொகுப்பில் ‘டியர் யங்கர் மீ’ என்ற பாடலை எழுதினார். சிறுவனாக இருந்த தமக்கே ஒரு கடிதம். அந்தச் சிறுவனை எச்சரிக்கலாமா, தேற்றலாமா, என்ன சொன்னால் அவனுக்குப் புரியும் என்று தடுமாறுகிற பாடல். தந்தை இறந்து இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேலான பிறகும் அடிபட்ட சிறுவனிடம் பேச வேண்டியிருந்தது என்பது, புகழ்பெற்ற முதற்கதையின் முடிப்பைச் சத்தமில்லாமல் பிரித்துவிடுகிறது. பாடகர் அதை ஏதும் மறுத்துப் பேசவில்லை. அடுத்த பாடலை எழுதினார், அவ்வளவுதான்.

இங்கே ஆங்கிலத்தின் ஒரு குறைபாட்டையும் சொல்ல வேண்டும். முதற்பாடல் இறைவனை ‘யூ’ என்கிறது. 2014இன் பாடல் சிறுவனை ‘யூ’ என்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஞானப்பாட்டுகளில் இறைவனுக்கென்று பழைய ‘தௌ’ எஞ்சியிருந்தது. ராக் தலைமுறை அதைக் கைவிட்டதால், கிறித்தவ ராக் பாடல்களில் முன்னிலையில் இருப்பவர் இறைவனா காதலியா என்ற கேலியே ஒரு மரபாகிவிட்டது. பின்னணிக் கதைகளுக்கு இவ்வளவு தேவை எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்: மொழி சுட்டாத முன்னிலையைக் கதை சுட்டிவிடுகிறது. தமிழில் மொழிபெயர்ப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. விவிலியத் தமிழ் இறைவனை ‘நீர்’, ‘தேவரீர்’ என்று அழைத்துப் பழகியது. அடிபட்ட சிறுவனை ‘நீ’ என்றுதான் அழைக்க முடியும். ஆர்தரை? அந்த மகன் தந்தையை நோக்கி ஒரு பாடல் எழுதியிருந்தால், நோய்க்கு முந்தைய ஆர்தருக்கு ‘நீ’யும் பிந்தைய ஆர்தருக்கு ‘நீங்க’ளும் வருமா? நான் முயன்று பார்த்தேன். முடியவில்லை.

மூன்றாவது பாடல் 2017இன் ‘ஈவன் இஃப்’. பார்ட்டின் மகனுக்குச் சிறுவயதிலேயே முதல் வகை நீரிழிவு. ஆயுள் முழுதும் இன்சுலினோடு வாழ வேண்டிய நோய். எத்தனை வேண்டுதலுக்கும் அது விலகவில்லை. பாடலுக்கான மூலக்கருத்தைத் தந்தவர்களில் ஒருவர் டிம் டிம்மன்ஸ், புற்றுநோயோடு வாழ்ந்துவரும் பாடகர். எரியும் சூளையின் முன் நின்ற மூவர், கடவுள் தம்மைக் காப்பாற்ற வல்லவர் என்று சொல்லிவிட்டு, காப்பாற்றாவிட்டாலும் பணியமாட்டோம் என்று அரசனிடம் சொன்னதாகத் தானியேல் ஆகமத்தில் வருகிறது. பாடலின் தலைப்பு அந்த ‘விட்டாலும்’தான். ஸ்பாஃபோர்டின் பழைய பாடலின் தொடரையும் இது தனக்குள் வாங்கிக்கொள்கிறது. இந்தப் பாடல் பிறந்த கதையில் யாரும் குணமடையவில்லை. மகன் இன்னும் நோயாளி, நண்பர் இன்னும் நோயாளி. அதனால்தானோ என்னவோ, அடக்க வீடுகளுக்கு இது அவ்வளவாக அனுப்பப்படுவதில்லை.

பாடலுக்குப் பின்னால் இருக்கும் கதையைச் சொல்லவே கூடாது என்று வாதிடுபவர்கள் உண்டு. பிரதி தன்னளவில் நிற்க வேண்டும் என்பார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. பார்ட் மில்லர்டு தம் வீட்டில் நடந்ததை வெளியே சொன்னதால், அதுவரை வாய் திறக்காத எத்தனையோ பேர் தங்கள் வீட்டைப் பற்றிப் பேசியிருப்பார்கள். என் குறை கதையின் மீது கிடையாது. அதை அனுப்புகிறவர்கள் அதற்குள் வைத்து அனுப்பும் கட்டளையின் மீது. ஒருவருடைய மன்னிப்பு அவருடைய அனுபவக் கூற்று. அதை இன்னொருவர் கைப்பேசிக்கு அனுப்பும்போது வினைமுற்று ஏவலாக மாறிவிடுகிறது: ‘மன்னித்தார்’ என்பது ‘மன்னி’ என்று வாசிக்கப்படுகிறது. அதுவும் ஆர்தர் மனம் மாறினார், மகனிடம் மாறிய முகத்தோடு இருந்து இறந்தார். என் தோழியின் தந்தை கடைசி வாரத்திலும் மாறவில்லை. இரண்டு வீடுகளுக்கும் ஒரே கதையை அனுப்பலாம் என்று நினைப்பவர்கள், முதற்கதையைக்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

போன வாரம் இதையெல்லாம் அவளிடம் சொன்னேன், பாதி ஆங்கிலத்திலும் பாதி இந்தியிலும். 1991, 1994, 1999 என்று மூன்று ஆண்டுகளையும் ஒரு தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டினேன். நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அந்த எட்டு வருடம் அவர் வீட்டாரோடு எப்படிப் பேசிக்கொண்டிருந்தார்?” என்று கேட்டாள். அதைப் பற்றிப் பாடல் ஏதும் நான் அறிந்தவரை இல்லை. அந்த ஏழெட்டுச் செய்திகளுக்கும் அவள் இன்னும் பதில் அனுப்பவில்லை. அம்மாவுக்கு மட்டும் நாள்தோறும் இரவில் பேசுகிறாள்.