மூட்டுச் சூரணமும் கொதிப்பு மாத்திரையும்

சூலூரிலும் அதைச் சுற்றியுள்ள தறிக்காரர் ஊர்களிலும் வயது ஐம்பதைத் தாண்டிய பலருக்கு இரண்டு தொல்லைகள் சேர்ந்தே வந்துவிடுகின்றன. ஒன்று, விசைத்தறியண்டை நின்று நின்று முழங்கால் தேய்ந்து போவது. மற்றொன்று ரத்தக்கொதிப்பு. கொதிப்புக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் மாத்திரை கிடைக்கின்றது. 2021-ம் வருஷம் ஆகஸ்டு 5-ந் தேதி துவங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் அது வீட்டு வாசலுக்கே வந்தது. முழங்காலுக்கோ டெலிவிஷன் பெட்டிதான் வைத்தியர். இவ்விரண்டையும் ஒரே வேளையில் விழுங்கும் நமது மக்கள், அவை உள்ளே போய் ஒன்றையொன்று என்ன செய்யும் என்று மாத்திரம் கேட்பதில்லை.

ஏனென்றால், "அது நாட்டு மருந்துதானுங்களே, என்ன கெடுதல் செய்யப்போகுது?" என்கின்றார்கள். விபூதி யாரையும் கெடுக்காது என்னும் நம்பிக்கைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சீசாவின்மேல் ஒரு தாடிக்காரச் சித்தர் படம் இருந்துவிட்டால், உள்ளே இருப்பது என்னவென்று கேட்பதே பாவமாகி விடுகின்றது. ஒன்றும் செய்யாத வஸ்துவானால் அது மூட்டை மட்டும் எப்படிக் குணப்படுத்தும்? குணம் செய்யும் சக்தி உண்டென்றால் கெடுதல் செய்யும் சக்தியும் உண்டென்றுதானே அர்த்தம்?

நாம் மூலிகைக்கு விரோதியல்ல. சர்ப்பகந்தி வேர் கொதிப்பைத் தணிக்கின்றது என்பதை 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 50 நோயாளிகளுக்குக் கொடுத்து, அளந்து பார்த்து, உலகத்துக்கு எழுதிக் காட்டினார். 1952-ல் அதிலிருந்து ரெசர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். ஒரு வேர் கொதிப்பை இறக்குமானால் இன்னொரு வேர் ஏற்றவும் செய்யுமல்லவா? அதிமதுரம் அதைத்தான் செய்கின்றது. தினந்தோறும் தின்றால் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, கொதிப்பை ஏற்றிவிடும். அதிமதுரம் சேர்ந்த சூரணங்கள் அநேகம்.

இதைவிட மோசமானது, "மூன்றே நாளில் வலி பறந்து போகும்" என்று லேபிளில்லாத பொட்டலத்தில் விற்கும் பொடி. இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு மருந்தை ரகசியமாய்க் கலந்திருப்பது பரிசோதனைகளில் அகப்பட்டிருக்கின்றது. அது வலியை அமுக்கும், முகம் உப்பும், கொதிப்பையும் சர்க்கரையையும் ஏற்றும். மாதக்கணக்கில் தின்றவர்கள் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. அவர்கள் டாக்டரைக் கேட்டே படிப்படியாய் விடவேண்டும்.

இங்கிலீஷ் மருந்து என்பதாலேயே ஒன்று யோக்கியமாகி விடாது. கடையில் கேட்டவுடன் கொடுக்கும் டைக்ளோபினாக், ஐபுபுரோபன் போன்ற வலி மாத்திரைகள் மூத்திரக்காய்க்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, கொதிப்பையும் ஏற்றுகின்றன. எனலாபிரில், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் சாப்பிடுகிறவர், மூத்திரத்தைப் போக்கும் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுகிறவரானால், இந்த மூன்றும் கூடி மூத்திரக்காயையே படுக்க வைத்துவிடக்கூடும். வயதானவர்களுக்கும், வாந்திபேதியால் உடம்பு வற்றினவர்களுக்கும் இது சீக்கிரம் வரும்.

இனி, விலையுயர்ந்த குளுக்கோசமின் சமாச்சாரம். அது பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படுவது. (கவிச்சி வாசனை ஆகாத வீடுகளிலும் பயபக்தியாய் விழுங்குகின்றார்கள்!) கொதிப்பு மாத்திரையோடு அது பெரிதாய்ச் சண்டை போடுவதாய்த் தெரியவில்லை. ஆனால் ரத்தம் உறையாமலிருக்க வார்பரின் சாப்பிடுகிறவருக்கு ரத்தக் கசிவு உண்டாக்கலாம். பலன் என்ன? 2006-ல் அமெரிக்காவில் 1583 பேரிடம் 24 வாரம் சோதித்ததில், மொத்தத்தில் வெறும் மாவு மாத்திரையைவிட அது மேலென்று ருசுவாகவில்லை. கொதிப்பையும் வாதத்தையும் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ம் வருஷத்துச் சட்டம் தடுத்திருக்கின்றது. அப்படியிருந்தும் நோய்களைத் தீர்ப்பதாய் விளம்பரம் செய்த பதஞ்சலி கம்பெனியார் 2024-ல் சுப்ரீம் கோர்ட்டின் கண்டனத்துக்காளாகிப் பத்திரிகைகளில் மன்னிப்புப் போடும்படியாயிற்று. சத்து மாத்திரைச் சீசாக்களில் 'மருத்துவ உபயோகத்திற்கு அல்ல' என்று சட்டப்படியே அச்சிட வேண்டியிருக்கின்றது. அந்த வாசகம் பொடி இங்கிலீஷ் எழுத்தில்; சித்தர் படமோ பெரிதாய்!

டாக்டர்கள் மேலும் குற்றம் உண்டு. "வேறென்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்காதவர் பலர், சொன்னால் எரிந்து விழுகிறவர் சிலர். அதனால் ஜனங்கள் மறைக்கின்றார்கள். மறைக்க வேண்டியதில்லை. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டிலிருக்கும் சூரணம், லேகியம், தைலம், சத்து மாத்திரை, கடை மாத்திரை எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போய் மேஜைமேல் கொட்டி, "இதில் எது கொதிப்பு மாத்திரையோடு ஆகாது?" என்று கேளுங்கள். புதிதாய் எதையாவது ஆரம்பித்தால், ஆரம்பிப்பதற்கு முன்னும் இரண்டு வாரம் கழித்தும் கொதிப்பை அளந்து இரண்டு எண்ணையும் சீட்டில் குறித்து வையுங்கள். மூட்டு மருந்தை நம்பிக் கொதிப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள். கால் வீங்கினாலோ மூத்திரம் குறைந்தாலோ முறை நாளுக்குக் காத்திராமல் அன்றைக்கே போங்கள்.